கிடைக்கக் கூடாத செடி

"இதும் இல்லட்டி" என்று கீழாநெல்லிக் கட்டைத் தட்டிலேயே போட்டாள் வடிவம்மாள்.

மகள் ஆனந்தவள்ளி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

குற்றாலத்துச் சாரலில் இருவரும் பாதி நனைந்திருந்தார்கள். அருவிக்குப் போகும் வழியில் இருந்த மூலிகைக் கடைகளையெல்லாம் ஏறி இறங்கியாகிவிட்டது. ஆனந்தவள்ளி தான் வேலை பார்க்கும் ஆலங்குளம் போலீஸ் ஸ்டேஷனில் கெஞ்சி வாங்கிய லீவு, ஒரு களைச்செடியைத் தேடியே கரைந்துகொண்டிருந்தது.

அம்மாவின் பித்தப்பையில் கல். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனால் அம்மா, புருஷனைப் பிணமாக வெளியே கொண்டுவந்த அன்று, "இனி ஆஸ்பத்திரி வாசல மிதிக்க மாட்டேன்" என்று வடகரை ஊரே கேட்கச் சத்தியம் செய்தவள். கெஞ்சலுக்கும் அசையவில்லை, மிரட்டலுக்கும் அசையவில்லை. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய டான்டேலியன் வைத்தியத்தைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் பூச்செடி. இலையைக் கீரையாகக் கடையலாமாம். வேரைக் கஷாயம் வைத்தால் பித்தமெல்லாம் இறங்கிவிடுமாம்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள். குற்றாலத்தில் அந்தச் செடி கிடைக்காவிட்டால், அப்படியே ஆஸ்பத்திரிக்கு வருவாள். கிடைத்துவிட்டால் ஆபரேஷன் என்று யாரும் வாயெடுக்கக் கூடாது.

தோளில் ஒரு பெரிய பை வேறு. கேட்டாலும் தரவில்லை. மூலிகையை மூட்டை கட்டவே வந்திருக்கிறாள் என்று ஆனந்தவள்ளிக்கு எரிச்சலாக வந்தது.

கடைசிக் கடை முகம்மது சலீமுடையது. போனில் இருந்த படத்தை நீட்டும்போதே, இல்லை என்று சொல்லிவிடேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"குளிர் நாட்டுச் செடில்லா இது! பச்சையா கிடைக்காது ஆச்சி. காஞ்ச வேரு பாக்கெட்டுல இருக்கு."

எடுத்து வைத்தே விட்டார். அட்டையில் அதே மஞ்சள் பூ. அதே பல் பல்லான இலை.

போச்சு. கையிலிருந்த ஹெல்மெட்டைத் தரையில் அடிக்கலாம் போலிருந்தது.

வடிவம்மாள் பாக்கெட்டைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி பாக்கெட்டைப் பார்த்தாள்.

"இது இல்ல. பூ வேற."

"ஆச்சி, ரெண்டும் ஒண்ணுதான..."

"எனக்குக் கண்ணு தெரியலங்கீரா வே?" பாக்கெட்டை அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.

ஆனந்தவள்ளி போனை அணைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்னட்டி மரம் மாரி நிக்க? வண்டிய எடு. சொன்ன சொல்லு மாறுதவ இல்ல நான்." காலையிலிருந்து விடாத பையை முதன்முதலாக மகளிடம் நீட்டினாள். "இத முன்னால வச்சுக்கோ."

ஒரு மூலிகைகூட வாங்காத பை கனத்தது.

ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே மடித்த சேலைகள், துண்டு, சீப்பு. ஓரத்தில், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாங்கிய பச்சை பிளாஸ்க்.