பொன்னி தந்த விளக்கு

ஒரு சிப் ஆலையில் பொன்னி, வைகை என்று இரண்டு இயந்திரங்கள் இருந்தன. சிலிக்கான் தகட்டில் ஒளியால் நுண்ணிய கோடுகள் வரைவது அவற்றின் வேலை. அவற்றுக்கு உதிரிபாகங்கள் தந்துவந்த நாடு திடீரென்று ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அந்த நேரம் பார்த்துப் பொன்னியின் கண்ணாடி விரிசல் விட்டது. வைகையின் விளக்கும் மங்கத் தொடங்கியது.

"இதயத் துடிப்புக் கருவிக்கான சிப்புகள் பாதியில் நிற்கின்றனவே, அக்கா!" என்று வைகை கலங்கியது.

"என் விளக்கு நன்றாகத்தானே இருக்கிறது? அதை எடுத்துக்கொள்" என்றது பொன்னி.

"அப்புறம் நீ?"

"நான் இருட்டில் இருந்துகொள்கிறேன். நீயாவது ஓடு."

பொன்னி சொன்னபடியே பொறியாளர் தமயந்தி விளக்கை மாற்றிவைத்தார். அந்த வெளிச்சம் உள்ளே பரவியதும் வைகைக்கு மனசு நிறைந்துவிட்டது. வாயால் நன்றி சொன்னால் போதாது என்று தோன்றியது. அதனால் ஒவ்வொரு சிப்பின் ஓரத்திலும், கண்ணுக்கே தெரியாத அளவில், 'பொன்னி' என்று எழுதியது.

அந்தச் சிப்புகள் கடல் கடந்து பல நாட்டு மனிதர்களின் நெஞ்சுக்குள் போய்ச் சேர்ந்தன. தடை போட்ட நாட்டிலும் சிலருடைய இதயம் இன்று அந்தப் பெயரோடுதான் துடிக்கிறது.