மெழுகுவர்த்தி பிடித்தவள்

அவள் கயிற்றை இன்னும் ஒரு முழம் விட்டாள்.

கயிற்றின் நுனியில் தகர டப்பா. அதற்குள் எரியும் மெழுகுவர்த்தி. சிமெண்ட் தொட்டியின் வாய்க்குள் அது மெல்ல இறங்கியது.

சிவப்பு ஒயினை நேற்றே வடித்தாகிவிட்டது. அடியில் கிடப்பது திராட்சைத் தோலும் கொட்டையும்தான். யாராவது உள்ளே இறங்கி அள்ளித்தான் ஆகவேண்டும். ஆனால் புளித்த சக்கை விடும் விஷக்காற்று கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஆளைச் சாய்த்த பிறகுதான் தெரியவரும்.

அதற்குத்தான் மெழுகுவர்த்தி. எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் கூடாது.

இறங்குகிறவன் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது இந்த வீட்டு வழக்கம். கயிறு பிடிப்பவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். வேலையை முடிக்கத் துடிப்பவன் கண்ணுக்கு அணைந்த திரியும் எரியும் என்பார் அவள் மாமனார்.

அவள் கணவன் ரெனாத்தோ முதுகைக் காட்டி உட்கார்ந்து ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தான்.

மூன்று வருடம் மூடிக் கிடந்த தொட்டி இது. இந்த வருடம் இத்தாலியின் இந்த மலைச்சரிவெங்கும் அமோக விளைச்சல். மற்ற தொட்டிகள் போதவில்லை. வேறு வழியில்லாமல் திறந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் இதே இடத்தில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டியவன் லிவியோ. ரெனாத்தோவின் தம்பி. அன்றும் கயிறு அவள் கையில்தான் இருந்தது. முற்றத்தில் ஒயின் ருசிக்க வந்தவர்களில் ஒருவர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். அவள் திரும்பிச் சிரித்தாள். சிரித்த வாயோடு, உள்ளே பாராமலே சொன்னாள்.

"எரியுது. இறங்கு."

லிவியோவைப் பிணமாகத்தான் கயிறு கட்டி மேலே தூக்கினார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் வாயால் கெட்டது அடுத்தவன்.

யாரும் அவளைக் கேட்கவில்லை. நீ பார்த்துத்தானே சொன்னாய், காற்று பிறகு கிளம்பியிருக்கும் என்று ரெனாத்தோவே தேற்றினான். அவளும் தேறியதுபோல் இருந்துகொண்டாள். பாவி.

இப்போது அவள் கண்ணை எடுக்கவில்லை.

சுடர் பாதி ஆழம் போனது. குறுகியது. நீலமானது.

அணைந்தது.

"எரியுதா?" என்றான் ரெனாத்தோ, திரும்பாமல்.

அவள் வாயைத் திறந்தாள்.

"எரியுது. இறங்கு."

அவள் குரல்தான். கீழே, இருட்டுக்குள்ளிருந்து வந்தது. சிரித்த மிச்சம் இன்னும் அதில் ஒட்டியிருந்தது.

ரெனாத்தோ எழுந்து திரும்பினான். அவன் முகம் மலர்ந்திருந்தது. மூன்று வருடமாக அவள் சிரித்து அவன் கேட்டதில்லை.

கூடையைத் தோளில் மாட்டினான். ஏணியில் ஒரு கால் வைத்தான்.

"இறங்காத. அணைஞ்சிருச்சு."

"இப்பத்தானே எரியுதுன்னு சொன்ன?"

இரண்டாவது காலும் உள்ளே போனது.

அவள் கயிற்றை விட்டுவிட்டு அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். டப்பா அடியில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

"இப்ப நான் பேசல, ரெனாத்தோ. அது அன்னைக்கு லிவியோகிட்ட நான் சொன்னது. பார்க்காம சொன்னது."

ரெனாத்தோ ஏணியில் நின்றபடியே அவள் முகத்தைப் பார்த்தான். அவன் முகத்தின் மலர்ச்சி அணைந்தது.

பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலிருந்து பிரிக்கத் தொடங்கினான்.