முதல் நாளின் ஆக்சிஜன்

தொலைநோக்கி எடுத்த இரண்டு நாள் பதிவையும் அவள் தனித்தனியாகப் பிரித்தாள்.

சும்மாதான். கட்டுரை நாளை அச்சுக்குப் போகிறது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாமே என்று.

முதல் நாள் நிறமாலைப் படத்தில் ஆக்சிஜன் கோடு ஓங்கி நின்றது.

இரண்டாம் நாள் கோடே இல்லை.

அடக் கடவுளே.

கோடு இருந்தால் அவள் ஆராயும் விண்மீன் மண்டலத்தைச் சுற்றிச் சுடுவாயு இருக்கிறது என்று அர்த்தம். கட்டுரையே அவ்வளவுதான். ஐந்து கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் வாயு, ஒரே நாளில் அணைந்துபோக அதென்ன அடுப்பா?

அந்த வாரத்துச் சூரியக் காற்றின் பதிவைத் திறந்தாள். முதல் நாள் பலமான காற்று. மறுநாள் ஓய்ந்திருந்தது.

சூரியனில் எலக்ட்ரான்களைப் பறிகொடுத்துவிட்டு ஓடிவரும் ஆக்சிஜன், பூமியைச் சுற்றியிருக்கும் மெல்லிய ஹைட்ரஜனிடம் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கிய கையோடு எக்ஸ் கதிரை உமிழும். தொலைநோக்கி பார்த்தது அதைத்தான். நம் வீட்டு வாசலில் நடந்த வழிப்பறியை ஐந்து கோடி ஒளியாண்டு என்று எழுதி வைத்திருக்கிறாள்.

நான்கு வருடம். முனைவர் பட்டம் இந்தக் கட்டுரையை நம்பித்தான். முதல் பெயர் அவளுடையது.

அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் மாசிலாமணியிடம் எப்படிச் சொல்வது? அந்த வாயு அங்கே இருக்கிறது என்று இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி, போன மாநாடுகளிலெல்லாம் கேலிப்பேச்சு வாங்கியவர். கோடு கிடைத்த அன்று துறை முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். காவலாளிக்குக்கூட இரண்டு. இரண்டு நாளையும் சேர்த்தே போடு, கோடு பளிச்சென்று வரும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

பாவம் மனுஷன், இடிந்துபோவார்.

படங்களை அவர் மேசையில் வைத்தாள்.

"சார், முதல் நாள் மட்டுந்தான் கோடு வருது. ரெண்டாம் நாள் இல்ல."

அவருடைய கண்ணாடி நெற்றியில் இருந்தது. அது இல்லாமல் அவருக்குக் கடிகாரம்கூடத் தெரியாது. அதை இறக்கவில்லை. இரண்டு தாளையும் கவிழ்த்து வைத்தார்.

"தனியாப் பிரிக்க வேணாம்னுதானேம்மா சொன்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல்.

மின்விசிறியில் தாள்கள் படபடத்தன. அவருக்காகப் பரிதாபப்பட்டதை நினைத்தபோது அவளுக்குச் சுள்ளென்று வந்தது.

தாள்களை மறுபடி நிமிர்த்தினாள். இத்தனை வருடத்தில் அவர் சொல்லாமல் அந்த அறையில் உட்கார்ந்ததில்லை. எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"கட்டுரைய நிறுத்தச் சொல்லி மெயில் நான் போடவா, நீங்க போடுறீங்களா சார்?"

வெளியே யாரோ தேநீர் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் கை நெற்றிக்குப் போனது.

கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.