தொட்டியின் தோள்

பதினெட்டு வருஷமாக ராணுவச் சரக்கு விமானத்தின் பின்கதவருகே நின்று, பாராசூட்டோடு குதிக்கும் ஒவ்வொரு வீரனையும் தோளில் தட்டி, "போய்ட்டு வா" என்று அனுப்பியவர் மாசிலாமணி. வெறும் "போ" அவர் வாயில் வந்ததே இல்லை. திரும்பாதவர்களும் உண்டு. அதற்காக அவர் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்று வீரர்கள் உட்காரும் இடத்தில் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. கீழே காடு எரிந்துகொண்டிருந்தது. நடுவே ஒரு பாறையில் வனக்காவலர்கள் ஒன்பது பேர் சிக்கியிருந்தார்கள்.

"மணி சார், திறங்க!" என்று விமானி ரெஜினா கத்தினாள்.

விசைக்குப் போகவேண்டிய கை, பழக்கதோஷத்தில் தொட்டியின் தோளைத் தட்டியது. "போய்ட்டு வா" என்றார். பிறகுதான் விசையை இழுத்தார். தொட்டி மொத்தமும் கீழே கொட்டிக் காலியானது.

"தண்ணி எங்க சார் திரும்பி வரப்போவுது?" என்று ரெஜினா சிரித்தாள்.

பாறையிலிருந்து ரேடியோவில் இருமலோடு ஒரு குரல் வந்தது. "நனைஞ்சுட்டோம் சார்! ஒன்பது பேரும் நனைஞ்சுட்டோம்! ஆனா மேற்குப் பக்கம் இன்னும் எரியுது. எங்களை விட்டுட்டுப் போறீங்களா?"

ரெஜினா வாய் திறப்பதற்குள் மாசிலாமணி மைக்கை உதட்டருகே இழுத்தார். முதுகு தானாக நிமிர்ந்தது.

"போய்ட்டு வரோம்."