பின்சீட்டுக் கம்பி

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கம்பி அது. நான்கு இடங்களில் பூச்சு உதிர்ந்து ப்ளோவ்டிவ் நகரில் உள்ள எங்கள் பூச்சுப் பட்டறைக்கு வந்தது. இரண்டு முறை சுரண்டி, எண்ணெய் துடைத்து, பூசி, சூளையில் சுட்டு அனுப்பினேன். இரண்டு முறையும் அதே நான்கு இடங்களில் பூச்சு உதிர்ந்து திரும்பி வந்தது.

“குடும்பத்துலயே முதல் பட்டதாரிக்கு எண்ணெய் துடைக்கத் தெரியல. இன்னொரு தடவை திரும்பி வந்துச்சுன்னா வீட்லயே இரு, ரலிட்சா,” என்றார் முதலாளி ஸ்தாமென்.

“பக்கத்துல நின்னு பாத்துட்டுப் பேசுங்க.”

நின்றார். மின்னேற்றிய பூச்சுத்தூளை அடித்தேன். அது இரும்பில்தான் ஒட்டும். கம்பி முழுவதும் கறுத்தது. அந்த நான்கு இடங்கள் மட்டும் வெறும் இரும்பாக இருந்தன. அங்கே தூள் கம்பியைத் தொடாமல் காற்றில் நின்றது, இறுகப் பிடித்த நான்கு விரல்களின் வடிவில்.

“சூளைக்குள்ள வைக்கட்டுமா?” என்றேன்.

இறந்தவர் முன் நிற்பதுபோல ஸ்தாமென் தொப்பியைக் கழற்றினார்.