ஒரு தட்டு வறுவல்

"கூத்தைப் பார்த்தீங்களா சார்? மீனைக் காப்பாத்த வந்தவங்க, மீன் தட்டையே தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க!"

மீன் வியாபாரி அதிகாரியின் காதைக் கடித்தார்.

அதிகாரியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் பாதுகாப்பு அமைப்பின் பிரதிநிதி அந்த அம்மாள். கூட்டத்துக்குக் கூட்டம் பாடம் எடுப்பதால் எல்லோரும் வைத்த பெயர் 'மீன் டீச்சர்'.

எங்கே, எப்போது மீன் பிடிக்கலாம் என்று கூடிப் பேசி முடிவெடுக்க அமைத்த குழு அது. படகுக்காரர்களின் தலைவர், வியாபாரி, மீன்வளத் துறை அதிகாரி, டீச்சர். நால்வரும் கை தூக்கினால்தான் தீர்மானம். ஒரு கை தூங்கினாலும் போச்சு.

காலையில் அனல் பறந்தது.

"மீனெல்லாம் சினையோட முகத்துவாரத்துக்குள்ள வந்தாச்சு. இன்னிக்கே வலையை நிறுத்தணும். அடுத்த மாசம் நிறுத்தி என்ன பிரயோஜனம்? அதுக்குள்ள முட்டையோட அள்ளி முடிச்சிருப்போம்," என்றார் டீச்சர்.

தலைவர் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"சினையா? எங்க படகுல வந்த மீன் ஒண்ணுலகூட சினை இல்ல. நான் சொல்றது பொய்யா இருந்தா, இந்த நாற்காலியில அப்புறம் உட்காரவே மாட்டேன்!"

ஜன்னலுக்கு வெளியே நின்ற படகுக்காரர்கள் கை தட்டினார்கள். புயலில் உடைந்த படகுகளை இப்போதுதான் சரிசெய்திருந்தார்கள். இந்த ஒரு மாத மீனைத்தான் மலைபோல நம்பியிருந்தார்கள். அவர்களுக்காகப் பேச இருந்ததும் அந்த ஒரு நாற்காலிதான்.

பேச்சு ஒரு அங்குலம் நகரவில்லை. "முதல்ல சாப்பிடலாம், அப்புறம் சண்டை போடலாம்," என்று அதிகாரிதான் எல்லோரையும் எழுப்பினார்.

கூட்டம் நடக்கும் நாளில் சாப்பாடு படகுக்காரர்கள் பொறுப்பு. இந்த முறை தலைவர் வீட்டுச் சமையல், கூட்டம் நடந்த இடத்துக்கே வந்தது. காலையிலிருந்து சமையலறையை விட்டு நகராத தலைவரின் மனைவி, முழுசு முழுசாக வறுத்த மீனைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தார். விருந்தாளி என்று முதலில் டீச்சருக்கு வைத்தார்.

டீச்சர் மீனை நடுவில் பிட்டார். கை அப்படியே நின்றது.

எதிரில் உட்கார்ந்திருந்த தலைவர் நிமிர்ந்தார். டீச்சரின் இலையைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று.

டீச்சர் சட்டென்று சோற்றை அள்ளி மீன்மேல் போட்டார்.

"வறுவல் பிரமாதம்மா. அந்தத் தட்டை இப்படியே என்கிட்ட வச்சிடுங்க."

"எல்லாமா அக்கா?"

"எல்லாமும்தான். காலையிலயும் சாப்பிடல, பசி உயிர் போகுது."

தட்டை நோக்கி நீண்ட அதிகாரியின் கை, அசடு வழிந்து திரும்பியது. அவருக்கு வாய்த்தது சோறும் குழம்பும்தான். காலையெல்லாம் முட்டை, குஞ்சு என்று உருகியவரா இவர் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் விழுங்கிக்கொண்டே இருந்தார். நடுவில் திணறித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். தலைவரோ ஒரு வாய் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கூட்டம் மறுபடி கூடியதும் தலைவர்தான் முதலில் எழுந்தார்.

"டீச்சர் சொல்றபடியே செய்வோம். இன்னிக்கே வலையை நிறுத்திடலாம்."

ஜன்னலுக்கு வெளியே ஒரே கூச்சல். "என்னண்ணே, இப்படிக் கவுத்துட்டீங்களே!"

"பேசாம இருங்கப்பா! இப்ப அள்ளிட்டா, வர்ற வருஷம் அள்ள என்ன இருக்கும்?" என்று அதட்டியவரின் குரல், அதிகாரியிடம் திரும்பும்போது இறங்கிவிட்டது. "ஆனா சார், வலை சும்மா கிடக்கிற நாள்ல எங்க வீட்டு அடுப்பு எரியணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"அவர் கேக்கிறது நியாயம். நிவாரணத்தையும் தீர்மானத்துல சேருங்க சார். இல்லன்னா நானும் கை தூக்க மாட்டேன்," என்றார் டீச்சர்.

அதிகாரி தலையைச் சொறிந்தார். பிறகு, "சரி, சேர்த்துக்கறேன். மேலிடத்துல நானே நின்னு வாங்கித் தர்றேன்," என்றார். நாலு கையும் உயர்ந்தன.

கூட்டம் கலைந்தது. அதிகாரிக்கு மண்டை குடைந்தது.

"அந்த மனுஷனை எப்படிம்மா மடக்கினீங்க?"

"நான் எங்க சார் மடக்கினேன்? சாப்பிடத்தானே செஞ்சேன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு டீச்சர் மெல்லப் படி இறங்கினார்.

'அதைத்தான் எல்லோரும் பார்த்தோமே' என்று அதிகாரி மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

பாத்திரம் எடுக்க வந்த தலைவரின் மனைவி அவரைப் பார்த்ததும் சங்கடப்பட்டார்.

"உங்களுக்கு வறுவல் ஒண்ணுகூடக் கிடைக்கலையாமே சார்? விருந்தாளிங்க சாப்பிடணும்னு, எங்க படகுல வந்ததுல வயிறு நிறைய சினை இருந்த மீனாப் பார்த்துப் பொறுக்கி வறுத்தேன். யார் கண்ணுலயும் காட்டாம அத்தனையும் அந்த அக்காவே சாப்பிட்டுட்டாங்க!"