பீப்பாயில் ஒரு திருட்டு

பீர் காய்ச்சும் கொட்டகையில் பெரிய பீப்பாய் ஒன்று இருந்தது. அது நிறைய இருந்த, முளைகட்டிய பார்லியிலிருந்து இறக்கிய சாறு பாகு மாதிரி தித்தித்தது. கசப்புக்காகப் போட்ட ஹாப்ஸ் பூ ஒன்று ஓரமாக மிதந்தது.

கடைசியாக, சாற்றைப் புளிக்கவைத்துப் பீராக்கும் ஈஸ்ட் வந்து குதித்தது. "அடடா, கல்யாணப் பந்தியே தோத்துடும் போலிருக்கே!" என்று ஒரு வாய் தின்றது. பிறகு இன்னொரு வாய். தின்னத் தின்ன அதன் விலாவிலிருந்து பிள்ளைகள் முளைத்தன. அவையும் பந்தியில் உட்கார்ந்தன.

சில நாள் போனதும் ஈஸ்ட் முகம் சுளித்தது. "என்ன இது, தித்திப்பையே காணோம்! எவனோ ஆட்டையப் போட்டுட்டான்."

சுற்றுமுற்றும் பார்த்தது. பூதான் கண்ணில் பட்டது.

"ஏம்மா, நீதானே?"

"நான் வந்ததுலேர்ந்து வாயே திறக்கலீங்க. நீங்கதான் மூடவே இல்ல."

ஈஸ்ட்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னையா சொல்றே? நான் சும்மா ருசி பார்த்தேன், அவ்வளவுதான்!" சொல்லும்போதே ஏப்பம் ஒன்று குமிழியாக எழும்பி, மேலே மூடியைத் தடதடவென்று ஆட்டியது.

சத்தம் கேட்டு வந்த பீர்க்காரர் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பீரை வடித்துக்கொண்டு, அடியில் கிடந்த ஈஸ்ட்டைக் குடும்பத்தோடு அள்ளிப் புதுச் சாற்றில் விட்டார்.

ஈஸ்ட் நாக்கைச் சப்புக்கொட்டியது. அதே தித்திப்பு!

"பிள்ளைகளா, சீக்கிரம் உட்காருங்க," என்றது. "அந்தத் திருட்டுப்பய இங்கேயும் வர்றதுக்குள்ள தின்னு முடிச்சிடணும்!"